எதிரியை மட்டும் தொடும் குண்டு

யுத்தம் பர்மாவில் நடக்கிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அது பேப்பர் படிக்கிறவர்களுக்கு. மேலூருக்குக் கிழக்கே நாவல்பட்டிக் கண்மாயில் நடந்த யுத்தத்தைப் பற்றி ஒரு பேப்பரும் மூச்சு விடவில்லை. அதில் அடிபட்டவன் ஒரே ஆள். அவனை அடித்தது யார் என்று கண்டுபிடிக்கப் பட்டாளம் பட்ட பாடு இருக்கிறதே, அதில் பாதியைப் பர்மாவில் பட்டிருந்தால் ரங்கூன் கையை விட்டுப் போயிருக்காது.

அடிபட்டவன் பெயர் நல்லகாமன். அதே நாவல்பட்டிக்காரன்தான். ஒரு குழி நிலம் கிடையாது. அடுத்தவன் வயலில் உழுது பிழைத்தவன். மழை பொய்த்த வருஷம் மேலூர்ச் சந்தையில் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற லாரி வந்து நின்றது. மூன்று வேளைச் சோறு என்றார்கள். ஏறி உட்கார்ந்துவிட்டான். அப்போது அவன் பெண்டாட்டி அன்னக்கொடி முழுகாமல் இருந்தாள்.

வடக்கே எங்கெங்கோ கொண்டுபோய் இடமும் வலமும் திரும்பப் பழக்கிவிட்டு, விதியைப் பாருங்கள், சண்டை ஒத்திகைக்கென்று பட்டாளத்தை அவன் ஊர்க் கண்மாய்க்கே கூட்டி வந்தார்கள். அதற்குள் பெண் குழந்தை பிறந்திருந்தது. அப்பன் வந்துதான் பெயர் வைக்கவேண்டும் என்று அன்னக்கொடி அதைப் 'பாப்பா' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கரைமேல் நின்றால் நல்லகாமனுக்குத் தன் வீட்டுக் கூரை தெரிந்தது. அடுப்புப் புகை தெரிந்தது. போக மட்டும் அனுமதி இல்லை. ஒத்திகை முடிந்தால் ஒரு மாதம் லீவு என்று ஹவில்தார் சத்தியம் செய்திருந்தார். பிள்ளை முகத்தைப் பார்க்கணும். இந்த உலக மகா யுத்தத்தில் அவனுக்கு வேறு லட்சியம் கிடையாது.

ஒத்திகையன்று காலையில் கர்னல் விதர்பன் துரை சிப்பாய்களுக்குப் பிரசங்கம் செய்தார். "இந்தப் பட்டாளத்தில் ஜாக்கிரதை என்பது வேதவாக்கு. போன ஒத்திகையில் நமக்கு ஏற்பட்ட நஷ்டம் ஒரே ஒரு கோவேறு கழுதைதான். அதுவும் உத்தரவு இல்லாத இடத்தில் போய் நின்றதால்தான் செத்தது. ஆகவே அது நம் கணக்கில் வராது." எல்லோரும் கால்களைச் சேர்த்து அடித்து ஆமோதித்தார்கள்.

நல்லகாமனுக்குக் கொடி வேலை. கரைமேல் நிற்கவேண்டும். சிவப்புக் கொடி பிடித்திருக்கும்வரை சுடலாம். விசில் கேட்டால் வெள்ளைக் கொடியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே வீசவேண்டும். எல்லாரும் சுடுவதை நிறுத்திவிடுவார்கள். கேட்டவுடனே நல்லகாமன் ஹவில்தார் காளையிடம் போனான்.

"அண்ணே, இந்தக் கரையில நின்னு வெள்ளைத் துணி வீசப்படாதுண்ணே. ஊர்ப் பெரியவரு அம்பலகாரரு வெள்ளைத் துண்டை வீசினாத்தேன் சனம் மீன் பிடிக்க எறங்கும். கண்மாய் வத்திக் கெடக்கு. பட்டாளம் மறிச்சு வச்சிருக்குறதால இந்த வருசம் இன்னும் மீன் பிடிக்கலை. எப்படா துண்டு வீசுவாகன்னு அம்புட்டுப் பேரும் ஊத்தாவும் கையுமா அங்கிட்டுக் காத்துக் கெடக்காக."

காளை வாடிப்பட்டிக்காரர். மீசையைத் தடவிக்கொண்டார். "தெரியும்டா மாப்ள. எங்க ஊர்லயும் அப்பிடித்தேன்."

"அப்ப நீங்க தொரைகிட்டச் சொல்லலாம்லண்ணே?"

"எதை? வெள்ளைக் கொடியக் காட்டினா மேலூர்த் தாலூகாவே மீன் பிடிக்க வரும்னா? போன மாசம் லாரிக்குப் பிரேக் இல்லைன்னு சொன்னேன். வண்டியப் பத்தி வதந்தி பரப்புறேன்னு என் கைப்பட்டையில ஒண்ணைப் பிடுங்கப் பாத்தாக. இருக்குற மூணையாச்சும் விட்டு வையிடா. போ, போயி நில்லு."

நின்றான். வேறு என்ன செய்வான்?

ஒத்திகையில் இரண்டு கட்சி. ஒரு கட்சி கண்மாய்க்குள் பதுங்கி வந்து தாக்கவேண்டும். இன்னொரு கட்சி எதிர்க்கரையில் இருந்து தடுக்கவேண்டும். துப்பாக்கிகளில் வெறும் சத்தத் தோட்டா. ஆனால் சிப்பாய்களுக்கு நிஜ வெடி பழகவேண்டுமென்று மார்ட்டருக்கு மட்டும் நிஜக் குண்டு கொடுத்திருந்தார்கள். மார்ட்டர் என்பது ஒரு கட்டைக் குழாய். மேலே போட்டால் வானத்துக்குப் போய் எங்கேயாவது விழும். எங்கே விழக்கூடாது என்று ஒரு படம் வரைந்து, கொடிக்காரன் நிற்கிற இடத்தில் பெரிய வட்டம் போட்டிருந்தார்கள். படத்தில் பளிச்சென்று தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

முதல் குண்டே தப்பாக விழுந்தது. விசில் ஊதினார்கள். நல்லகாமன் ஒரு விநாடி கண்ணை மூடிக்கொண்டான்; பிறகு வெள்ளைக் கொடியைத் தூக்கி வீசினான்.

அம்மாடி! கரைக்குப் பின்னால் பனங்காட்டுக்குள் இருந்து ஒரு குலவை. ஆணும் பெண்ணுமாக ஊரே திரண்டு கண்மாய்க்குள் குதித்தது. அடியில்லாத மூங்கில் கூடை மாதிரி இருக்கும் ஊத்தாக்களைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கச்சா வலையை உதறிக்கொண்டு, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். தான் இருக்கும்போது வேறு எவனோ துணி வீசிவிட்டானே என்று அம்பலகாரருக்கு (அவர் பெயரே வெள்ளைத்துரைதான்) மூக்குமேல் கோபம். இருந்தாலும் நல்ல விரால் போய்விடுமே என்று அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

எதிர்க்கரைக் கேப்டன் தூரக்கண்ணாடியில் பார்த்தார். நூற்றுக்கணக்கான பேர் தலையில் எதையோ மாட்டிக்கொண்டு தன்னை நோக்கி ஓடி வருகிறார்கள். தாக்குகிற கட்சி பிரமாதமாக வேஷம் போட்டு வருகிறது என்று அவருக்குப் பரம சந்தோஷம். "சபாஷ்! மார்ட்டர், போடு!" என்றார். வெள்ளைக் கொடியும் எதிராளியின் தந்திரம்தான் என்று அவர் பிற்பாடு விளக்கினார்.

குண்டு ஜனங்களின் தலைக்கு மேலே விசிலடித்துக்கொண்டு போய், படத்தில் வட்டம் போட்ட இடத்தில் கச்சிதமாக விழுந்தது.

கண்மாய்க்குள் இருந்த ஒருவருக்கும் கீறல் இல்லை. "இந்த வருசம் வேட்டெல்லாம் போடுறாகடி!" என்று பெண்கள் பேசிக்கொண்டே கெண்டையை அமுக்கினார்கள். கரைமேல் தொடை கிழிந்து கிடந்தவனை முதலில் பார்த்தது காளைதான்.

மதுரையில் சிம்மக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பட்டாள ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். அங்கே நல்லகாமன் பிழைத்துக்கொண்டான். கால் மட்டும் கோணலாகிவிட்டது. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் இவன் பட்டாளத்துக்கு லாயக்கில்லை, வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். நல்லகாமனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காலாவது கையாவது, போனால் போகட்டும். வீட்டுக்குப் போகலாம்!

அங்கேதான் சனியன் பிடித்தது. அடிபட்ட சிப்பாயை அனுப்பவேண்டுமானால், அடித்தது யார் என்று தீர்மானமாகவேண்டும். அதற்காக விசாரணைக் கோர்ட்டு கூடியது. கர்னல் விதர்பன் துரையே தலைவர். குண்டு போட்ட கேப்டன் ஓர் அங்கத்தினர். விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தானே என்று சேர்த்திருந்தார்கள். துரை பேசுவதைத் தமிழில் சொல்ல, கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா ஹாலாஸ்யத்தை இரவல் வாங்கினார்கள். அதுவரை வரப்புத் தகராறு மனுக்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த சாது மனிதர்.

துரை ஆரம்பித்தார். "நம் பட்டாளத்துக் குண்டு நம் ஆளைத் தொட்டதாகச் சரித்திரமே இல்லை. நான் சரித்திரத்தை நேற்று முழுவதும் படித்தேன். அதை எழுதியது என் மாமனார். சரித்திரத்தில் இல்லாத ஒரு காரியம் என் காலத்தில் நடக்க நான் விடமாட்டேன். ஆகவே இவனைச் சுட்டது எதிரி."

கட்டிலில் கிடந்த நல்லகாமன் ஹாலாஸ்யத்தைப் பார்த்தான். "சாமி, சப்பான்காரன் யாரையும் நான் பாக்கலையே."

"நீ பாக்கலேன்னா அவன் அவ்வளவு சாமர்த்தியமா மறைஞ்சிருந்தான்னு அர்த்தம் பண்ணிண்டுட்டாடா. நீ சும்மா படு."

நாவல்பட்டியில் வைக்கோல் போரையெல்லாம் பிரித்து ஜப்பான்காரனைத் தேடினார்கள். குதிருக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். மதுரையில் நல்லகாமனைக் கட்டிலோடு லாரியில் ஏற்றி மாலை போட்டு மாசி வீதிகளைச் சுற்றி வந்தார்கள். 'எதிரியின் குண்டை ஏந்திய மதுரை வீரன், பட்டாளத்தில் சேருவீர்' என்று தமுக்கடித்தார்கள். வலி தாங்காமல் அவன் கையைத் தூக்கியபோதெல்லாம் ஜனங்கள் பதிலுக்கு வணக்கம் போட்டார்கள். எப்படியோ, வீரன் ஆனாலும் சரி, வீட்டுக்கு விட்டால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் சிவசங்கரன். மதுரையில் விமானத் தாக்குதல் வந்தால் சங்கு ஊதுகிற இலாகாவின் அதிகாரி. காக்கி நிஜார் போட்டு, நெற்றியில் விபூதி இட்டு, மிகுந்த மனஸ்தாபத்தோடு கோர்ட்டில் நின்றார்.

"என் சங்கு ஊதாமல் எதிரி இந்த ஜில்லாவுக்குள் எப்படி வர முடியும்? நான் சங்குக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறேன். எதிரி வந்திருந்தால் நான் ஊதியிருப்பேன். நான் ஊதவில்லை. ஆகவே எதிரி வரவில்லை. வந்தான் என்று தாங்கள் சொன்னால் என் இலாகா தூங்கிற்று என்று ஆகும். என் இலாகா தூங்கவில்லை என்று சென்னையிலிருந்து நற்சாட்சிப் பத்திரமே வந்திருக்கிறது!"

பத்திரத்தைப் பார்த்ததும் கோர்ட்டு எழுந்து நின்றது. எதிரியை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். மாலையையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அப்படியானால் தன்னைத் தானே சுட்டுக்கொண்டானோ? அது பெரிய குற்றம், ஜெயில்தான். மார்ட்டர் ஒன்றைத் தூக்கி வந்து கட்டில் பக்கத்தில் வைத்து, இரண்டு கையிலும் கொடியைக் கொடுத்து, "எப்படிச் சுட்டாய், செய்து காட்டு" என்றார்கள். நல்லகாமன் கொடியை வீசினான். மார்ட்டர் பேசாமல் நின்றது. மறுபடி வீசச் சொன்னார்கள். மத்தியானம்வரை வீசி, தையல் பிரிந்து ரத்தம் கசிந்த பிறகு கேப்டனே மனமிரங்கி, "இவனுக்கு மூன்றாவது கை இருந்திருக்கவேண்டும்" என்றார். மூன்றாவது கை சிப்பாய்களுக்கு வழங்கப்படுவதில்லை என்று துரை ஒப்புக்கொண்டார்.

பிறகு ஊர்க்காரர்கள்மேல் சந்தேகம் திரும்பியது. அம்பலகாரர் வெள்ளைத்துரையை ஓர் ஊத்தாவோடு கோர்ட்டுக்கு இழுத்து வந்தார்கள். மேஜைமேல் அதை நிறுத்தி அதிகாரிகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். துரை உள்ளே கையை விட்டார். கை அந்தப் பக்கம் வந்தது.

"அடியே இல்லையே! இதனால் என்ன பிரயோசனம்?"

"கவுத்தணும் தொரை. கவுத்திட்டு மேல கூடிக் கைய விட்டா மீனு மாட்டும்" என்றார் அம்பலகாரர்.

"குண்டு?"

"மீனு தொரை. கெளுத்தின்னா முள்ளு குத்தும். அம்புட்டுத்தேன்."

முள் குத்தும் என்பதைக் குறித்துக்கொண்டார்கள். மைதானத்தில் வைத்து ஊத்தாவைத் தீ மூட்டிச் சோதித்ததில் அது எரிந்து சாம்பலானதே தவிர வெடிக்கவில்லை. ஊத்தாவுக்கு நஷ்ட ஈடு கேட்ட அம்பலகாரரை, ராணுவ ரகசியத்தைத் தெரிந்துகொண்ட குற்றத்துக்காக வராந்தாவில் உட்கார வைத்தார்கள்.

கடைசியில் டாக்டர் வந்தார். நல்லகாமன் தொடையிலிருந்து எடுத்த இரும்புத் துண்டை ஒரு பீங்கான் தட்டில் வைத்து நீட்டினார். ரத்தத்தைக் கழுவியிருந்தார்கள். அதன்மேல் இங்கிலீஷ் சர்க்கார் தன் சாமான்களுக்குப் போடும் அம்புக்குறி முத்திரை பளிச்சென்று இருந்தது.

கேப்டன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். ஹாலாஸ்யம் நல்லகாமன் பக்கம் குனிந்து, "ஒப்புத்துண்டுதாண்டா ஆகணும். இனிமே உன்னை விடாம இருக்க முடியாது" என்று மெல்லச் சொன்னார். நல்லகாமன் கையெடுத்துக் கும்பிட்டான்.

துரை ஒருநாள் முழுக்க யோசித்தார். மறுநாள் முகத்தில் அப்படி ஒரு தெளிவோடு வந்து எழுந்து நின்றார்.

"கனவான்களே! உண்மைக்கு இந்தப் பட்டாளம் ஒருநாளும் பயந்ததில்லை. குண்டு நம்முடையதுதான். நான் பகிரங்கமாக ஒப்புக்கொள்கிறேன். இந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்பதை எல்லோரும் கவனிக்கவேண்டும். நம் குண்டு யாரைத் தொடும்? எதிரியை மட்டும் தொடும். இதில் யாருக்காவது சந்தேகம் உண்டா? இல்லை. அது இவனைத் தொட்டிருக்கிறது. எலும்புவரை தொட்டிருக்கிறது. ஆகவே, இவன் எதிரி. கண்ணுக்குத் தெரியாமல் நம் நடுவில் இருந்த ஓர் எதிரியை நம் குண்டு தானாகவே தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. கேப்டனுக்கு மெடல் சிபாரிசு செய்கிறேன்."

அதிகாரிகள் எல்லோரும் அப்பாடா என்று சாய்ந்தார்கள். சங்கு ஊதாத சிவசங்கரனுக்கும் ஆட்சேபம் இல்லை. எதிரி உள்ளூரிலேயே இருந்தால் சங்கு எதற்கு?

"என்ன சாமி சொன்னாக? எப்ப வீட்டுக்குப் போறேன்?" என்று கேட்டான் நல்லகாமன்.

ஹாலாஸ்யத்தின் இருபது வருஷ உத்தியோகத்தில் தமிழ் வராமல் நின்றது அன்றைக்குத்தான். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன்னைச் சுட வேண்டாம்னு விட்டுட்டாடாப்பா. அந்த மட்டுக்கும் சந்தோஷப்படு" என்றார்.

எதிரி என்றால் எந்த நாட்டு எதிரி? ஆள் குள்ளம். தினம் சோறு தின்கிறான். மீனும் பிடிக்கும் என்கிறான். ஜப்பான் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

வாடிப்பட்டிப் பக்கம் முள்கம்பி போட்டு யுத்தக் கைதிகளை வைத்திருந்த கொட்டகைக்கு அவனைக் கொண்டுபோனார்கள். அங்கே சட்டப்படி எல்லா மரியாதையும் கிடைத்தது. சிப்பாயாக இருந்தபோது கண்ணில் காணாத முட்டையும் பாலும் வந்தது. "ஏ அன்னம், நான் இங்கனதேன் இருக்கேன், வாடிப்பட்டியில" என்று அவன் சொல்லிச் சொல்லி எழுதவைத்த கடுதாசி, கைதிகள் கடுதாசி போகிற முறைப்படி, ஜப்பானுக்குப் போயிற்று. அவனுக்குக் காவல் நின்றது ஹவில்தார் காளை. துப்பாக்கி முனையை அவன் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "மனசுல வச்சுக்காதடா மாப்ள. இப்பிடித்தேன் பிடிக்கச் சொல்லியிருக்காக" என்றார். அன்றைக்கு ஒரு வார்த்தை மேலே சொல்லியிருந்தால் இந்தப் பையனுக்கு இந்தக் கதி வந்திருக்காதே என்று அவருக்கு உள்ளுக்குள் அரித்தது. இப்போது சொல்லி என்ன?

அவர்தான் ரகசியமாக ஆள் அனுப்பி அன்னக்கொடிக்குத் தெரியப்படுத்தினார். மேலூரிலிருந்து பஸ்ஸும் நடையுமாகப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அன்றைக்குத் துரை கொட்டகையைப் பார்வையிட வந்திருந்தார். கூட ஹாலாஸ்யமும் இருந்தார்.

முள்கம்பிக்கு அந்தப் பக்கம் நல்லகாமன் கோலை ஊன்றிக்கொண்டு நின்றான். முதல்முதலாகப் பிள்ளையைப் பார்த்தான். அதற்குப் பல் முளைத்திருந்தது. அவன் மூக்கு அப்படியே இருந்தது. கம்பிக்குள் கையை விடப் போனவனைக் காளை, "வேணாம்டா, தொரை பாக்குறாரு" என்று தடுத்தார். நல்லகாமனுக்குத் தாங்கவில்லை, பெரிய ஆம்பிளை, எல்லார் முன்னாலும் விம்மி விம்மி அழுதான்.

அன்னக்கொடி அழவில்லை. நேரே துரை முன்னால் போய் நின்றாள்.

"தொரை, இவுக சப்பான்காரர் இல்லை. எங்க வீட்டுக்காரரு. நாவல்பட்டியில நாயைக் கேட்டாலும் சொல்லும். நான் கேக்குறேன், விட்டுருங்க."

ஹாலாஸ்யம் மொழிபெயர்த்தார். துரை நல்ல மனிதர்; பெண்பிள்ளை பேசுகிறாள் என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "இந்த அம்மாளுடைய துக்கம் எனக்குப் புரிகிறது. இந்தக் கைதிமேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் ஒன்றும் இல்லை. அவன் கொடி வீசிய அழகை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கைதியை நான் இஷ்டப்படி விட முடியாது. அவனைத் தரும்படி அவனுடைய சர்க்கார் கேட்கவேண்டும். கேட்டால் உடனே கொடுத்துவிடுவோம்."

"எங்க சர்க்காரு நீங்கதானே தொரை? நீங்களே கேட்டுக்கிற வேண்டியதுதானே?"

துரை நியாயமாக யோசித்தார். "நாங்கள் எப்படிக் கேட்பது? அவன் எங்களுக்கு எதிரி ஆயிற்றே. இல்லாவிட்டால் யுத்தம் முடியவேண்டும். எதிரி ஜெயித்தால், தன் ஆட்களை வந்து அழைத்துக்கொண்டு போவான். நாங்கள் ஜெயித்தால், கப்பலில் ஏற்றி அவனுடைய ஊருக்கே அனுப்பிவைப்போம். ஜப்பான் குளிர் நாடு என்று கேள்வி. கம்பளி கொடுத்து அனுப்ப ஏற்பாடு செய்கிறேன்."

ஹாலாஸ்யம் ஒவ்வொரு வார்த்தையாக அதைத் தமிழில் சொல்லி முடித்தார். அன்னக்கொடி பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"அப்ப, எம்புருசன் வீடு வந்து சேரணும்னா, எங்க சர்க்காரு தோத்துப் போகணுமா சாமி? நான் அப்பிடித்தேன் சாமி கும்பிடணுமா?"

ஹாலாஸ்யத்துக்குக் குப்பென்று வேர்த்தது. "ஐயையோ, மெதுவாப் பேசும்மா" என்றார்.

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் துரை.

ஹாலாஸ்யம் காளையைப் பார்த்தார். கம்பிக்குள் நிற்கிறவனைப் பார்த்தார். "யுத்தத்தில் நமக்கு ஜயம் கிடைக்க வேண்டும் என்று தெய்வத்தைப் பிரார்த்திப்பதாகச் சொல்கிறாள், ஸார்."

துரைக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரியின் மனைவிக்கே இவ்வளவு விசுவாசமா! குதிகாலைச் சேர்த்து நின்று அன்னக்கொடிக்கு ஒரு சலாம் வைத்தார். பிறகு வாசல் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.